ஊசிக்கு அழுத கோச்

பதினாறு வருடம் நான் கூடைப்பந்து ஆடித்தான் சோறு சாப்பிட்டேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அலுவலகத்தில் வேலை. அந்த அணிக்காக ஊர் ஊராகப் போய் ஆடுவதுதான் உண்மையான உத்தியோகம். என் மேஜைக் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு என்னவென்று எனக்குத் தெரியாது. உயரம் ஆறடி நாலு அங்குலம். ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் யார் வீட்டில் பல்பு போனாலும் ஏணியைத் தேட மாட்டார்கள். என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

முப்பத்தாறாவது வயதில், மதுரையில் ஒரு மேட்ச். பந்துக்காகக் குதித்தேன். மேலே போனவரை எல்லாம் சரியாக இருந்தது. இறங்கும்போது வலது முழங்கால் மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு இறங்கியது.

புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். கட்டில் எனக்குப் போதாமல், கால்மாட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு நீட்டித்தார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் ஊசி போட ஹெட் சிஸ்டர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், என் நெஞ்சு உயரம்கூட இல்லை. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "அம்மா!" என்று கத்திய கத்தலில் பக்கத்து வார்டிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இன்னும் குத்தவே இல்லைங்க," என்றார் சிஸ்டர். "பஞ்சுதான் வெச்சேன்."

மூன்றாம் நாள் டாக்டர் சொல்லிவிட்டார்: நடக்கலாம், படி ஏறலாம், இனி மேட்ச் வேண்டாம். அவர் போனதும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். சிறிது நேரத்தில் ஹெட் சிஸ்டர் பி.பி. பார்க்க வந்தார்.

"அழுதீங்கன்னா பிரஷர் ஏறும். நான்தான் திரும்ப வந்து பார்க்கணும்," என்றவர், கையில் பட்டையைச் சுற்றியபடியே கேட்டார்: "சார், ஆஸ்பத்திரிகளுக்குள்ள லேடீஸ் பாஸ்கெட்பால் போட்டி வெச்சிருக்காங்க. நாங்களும் பேர் குடுத்துட்டோம். நீங்க சொல்லித் தரீங்களா? எட்டுப் பேருக்கு ஆடத் தெரியாது."

"மொத்தம் எத்தனை பேர்?"

"எட்டுப் பேருங்க."

இரண்டு மாதம் கழித்து, ஊன்றுகோலோடு மைதானத்தில் போய் நின்றேன். எட்டு நர்ஸ்கள். ஹெட் சிஸ்டர்தான் கேப்டன். என் ஊசிக் கதை எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்பது, அவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்து நின்றதிலேயே தெரிந்தது.

முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொண்டேன். "சார், கூடையில போடும்போது எந்தக் கால் முன்னாடி இருக்கணும்?"

யோசித்தேன். தெரியவில்லை. அத்தனை வருடமும் கால்கள் என்னைக் கேட்காமல்தான் வேலை பார்த்திருந்தன. செய்து காட்டலாம் என்று ஊன்றுகோலை ஓரமாக வைத்துவிட்டுப் பந்தை எறிந்தேன். காலைப் பற்றிய யோசனையிலேயே இருந்ததால் பந்து வளையத்தின் விளிம்பில் அடித்து, நேராகத் திரும்பி வந்து என் மூக்கில் இறங்கியது. ரத்தம்.

அதுவரை பந்தைக் கண்டால் ஒதுங்கிய எட்டுப் பேரும் பாய்ந்து வந்தார்கள். ஒருவர் என்னை உட்காரவைத்துத் தலையை முன்னால் குனிய வைத்தார், ஒருவர் மூக்கைப் பிடித்தார், ஒருவர் ஐஸ் வாங்க ஓடினார், இருவர் வேடிக்கை பார்க்க வந்தவர்களை விலக்கினார்கள். யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருவர் நகர்ந்த இடத்தில் அடுத்தவர் வந்து நின்றார். இந்த ஒழுங்கை எங்கள் அணிக்குக் கொண்டுவர எங்கள் கோச் ஆறு வருடம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார்.

மூக்கைப் பிடித்திருந்த நிலையிலேயே சொன்னேன்: "சிஸ்டர், எதிர் டீம்ல அஞ்சு பேரும் உங்க பேஷண்ட். ட்ரிப்ஸைப் பிடுங்கிட்டு வீட்டுக்கு ஓடப் பார்க்கிறாங்க. ஆளுக்கொரு பேஷண்ட். விடாதீங்க."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே," என்றார் ஹெட் சிஸ்டர்.

நாலு மாதம் கழித்து, போட்டி மன்னார்புரத்தில் நடந்தது. அதற்குள் ஊன்றுகோலை விட்டிருந்தேன். நான்கு அணிகள். முதல் ஆட்டம் திருவானைக்காவல் ஆஸ்பத்திரி ஒன்றோடு. எங்கள் நர்ஸ்கள் எதிரணியில் ஒருத்தியையும் நகர விடவில்லை. "எங்கம்மா போறீங்க? நில்லுங்க!" என்ற அதட்டலுக்கு அந்தப் பெண்கள் உண்மையாகவே நின்றுவிட்டார்கள். கடைசி நிமிடத்தில் எட்டுக்கு எட்டு.

அப்போதுதான் அது நடந்தது. யார் கையிலிருந்தோ நழுவிய பந்து, கோட்டோரம் நின்ற என்னை நோக்கித் துள்ளி வந்தது. எடுத்தேன். எறிந்தேன். வலையைக்கூடத் தொந்தரவு செய்யாமல் உள்ளே விழுந்தது. என் வாழ்க்கையின் மிக அழகான கூடைகளில் ஒன்று. இரண்டு கைகளையும் தூக்கிக் குதித்த பிறகுதான் மைதானம் அமைதியாக இருப்பதைக் கவனித்தேன்.

நடுவர் வந்தார். "சார், நீங்க எந்த டீம் பிளேயர்?"

என் கூடை செல்லாது. நான் செய்த தவறுக்கு எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, யாரும் தடுக்காமல் கூடையில் எறியும் வாய்ப்பு. அந்தப் பெண் அதைப் போட்டாள். ஒன்பதுக்கு எட்டில் தோற்றோம். அன்று மத்தியானம் எட்டுப் பேரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டார்கள். மரத்தடியில் உட்கார்ந்து, எனக்கு இந்த வேலை ஒத்து வராது என்று முடிவுகூடச் செய்துவிட்டேன்.

சாயங்காலம், மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்துக்கு முன்னால் ஹெட் சிஸ்டர் எதிரில் வந்து நின்றார். "கையை நீட்டுங்க."

நீட்டினேன். இரண்டு கைகளிலும், விரல் வெளியே தெரியாதபடி, கிரேப் பேண்டேஜைச் சுற்றினார். இரண்டு பெரிய உருண்டைகள்.

"என்ன சிஸ்டர் இது?"

"வியாதி முத்திப் போச்சு. மெல்லத்தான் குணமாகும்."

அந்த ஆட்டம் முழுக்க உருண்டைகளைத் தொடையில் தட்டித் தட்டிக் கத்தினேன். பந்து இரண்டு முறை என் பக்கம் வந்தது. இரண்டு முறையும் கைகள் தாமாக எழுந்தன. பந்து உருண்டையில் முட்டி வெளியே போனது. நடுவர் சிரித்துவிட்டு மன்னித்தார். நான்கு புள்ளியில் ஜெயித்தோம். கடைசிக் கூடையைப் போட்டது, பயிற்சியின் முதல் நாளில் எந்தக் கால் முன்னாடி என்று கேட்ட நர்ஸ். பந்து உள்ளே போனதை நம்பாமல் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு உருண்டைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன்.

நான்கு அணிகளில் மூன்றாம் இடம். ஆடிப் பாடிக் கத்திவிட்டு எட்டுப் பேரும் டியூட்டிக்கு ஓடினார்கள். என் கைக்கட்டை அவிழ்க்க யாருக்கும் நினைவில்லை. அப்படியே ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினேன். டிக்கெட்டுக்கான பணத்தைக் கண்டக்டரே என் சட்டைப்பையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"என்ன சார், கையில இவ்வளவு பெரிய கட்டு?"

"நான் ஒரு கோச்சுங்க," என்றேன். அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"அடப்பாவமே," என்றார் கண்டக்டர். முன் சீட்டில் இருந்தவரை எழுப்பி எனக்கு இடம் வாங்கிக் கொடுத்தார்.