மேஜை நடுவில் வைத்த மீன்சட்டி

அந்தச் சாப்பாட்டுக் கடை வாசலில் மேலிருந்து தரைவரை பிளாஸ்டிக் மணிச்சரங்கள் தொங்கும். ஈ உள்ளே வராமல் இருக்கத்தான் அவை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். வெயிலில் நின்று காய்ந்த முகத்தில் அவை ஜில்லென்று உரசி, தலைமுடியில் கொஞ்சம் சிக்கி, நமக்குப் பின்னால் சலசலவென்று மூடிக்கொள்ளும்போது உள்ளே கண் இருட்டும். பூண்டும் சுட்ட மீனும் புளித்த திராட்சையும் கலந்த ஒரு வாசம் வந்து மூக்கில் ஏறும், அது பசியைக் கிளப்புகிறதா குமட்டுகிறதா என்று அந்தக் கோடை முழுக்க என்னால் முடிவு செய்ய முடியவில்லை. உள்ளே வருகிறவர் எவரானாலும் மொத்தக் கூடத்துக்கும் சேர்த்து ஒரு வணக்கம் சொல்வார். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் தலை நிமிராமலே திருப்பிச் சொல்வார்கள்.

"இவங்க எல்லாரும் சொந்தக்காரங்களா அத்தா?" என்று கேட்டேன்.

"தெரியல புள்ள. நாமளும் சொல்லி வப்போம்" என்றார் அத்தா. எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்.

பிரான்ஸ் தேசத்தின் தெற்கே, ஊர்ப் பெயரை அத்தா சொல்லும்போது பாதி அவர் மூக்குக்குள்ளேயே போய்விடுகிற ஒரு சின்னக் கிராமம் அது. அத்தா காரைக்கால் பக்கத்துக்காரர்; அவருடைய தகப்பனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் அந்த நாட்டுப் பாஸ்போர்ட் எங்கள் வீட்டில் இருந்தது. அம்மாவுக்குக் குடவாசல். கடைத்தெருவில் எஸ்.டி.டி. பூத்துகள் முளைத்து, மாடிகளில் கேபிள் ஒயர் ஓடத் தொடங்கி, திருப்பூர் பனியனும் கரூர் மேஜை விரிப்பும் கப்பல் கப்பலாக வெளியே போன வருஷங்களில், அந்தச் சரக்கை வாங்கி ஒரு பழைய வேனில் போட்டுக்கொண்டு, கிழமைக்கு ஓர் ஊராகக் கூடுகிற சந்தைகளில் அத்தா விற்றுக்கொண்டிருந்தார். எனக்குப் பதினொரு வயது. "பெரியவளாயிட்டா அனுப்ப முடியாது, இப்பவே போய்ப் பாத்துட்டு வரட்டும்" என்று மாமா சொல்லி, ஆறாம் வகுப்பை நடுவில் விட்டுவிட்டு என்னை விமானம் ஏற்றினார்கள். அன்றைக்கு விட்ட படிப்பு அதற்கப்புறம் ஒழுங்காக ஒட்டவே இல்லை.

அம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார். இந்தக் கோடைக்குள் ஏதாவது ஒரு சந்தையில் நிலையான இடம் கிடைத்தால் அத்தா அங்கேயே இருந்து தொழில் பார்க்கலாம். கிடைக்காவிட்டால் வேனை விற்றுவிட்டு ஊருக்கு வந்து கடைத்தெருவில் ஜவுளிக் கடை போட வேண்டும். அத்தா சரி என்று சொல்லியிருந்தார். இதில் எது நடக்க வேண்டும் என்று நான் துஆ கேட்பது? அத்தா விடியற்காலை இருட்டில் வேனை ஓட்டிக்கொண்டு போகும்போது அவர் முகத்தைப் பார்த்தால் இடம் கிடைக்கட்டும் என்று தோன்றும். அம்மா போனில் "சாப்ட்டியா" என்று கேட்கும்போது கிடைக்காமல் போகட்டும் என்று தோன்றும். சில நாட்களில் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிடுவேன்.

சந்தையில் நிலையான இடம் இல்லாதவர்கள் விடிவதற்கு முன்பே போய்க் காத்திருக்க வேண்டும். நகராட்சி ஆள் ஒருவர் வந்து, அன்றைக்கு யார் வரவில்லை என்று பார்த்து, காலியான இடத்தை விரலால் சுட்டிக் காட்டுவார். தொப்பையும் வெள்ளை மீசையுமாக இருந்த அவருக்கு அத்தா வைத்த பெயர் "மணியக்காரர்". அந்த மணியக்காரர் எங்களுக்குப் பெரும்பாலும் சந்தைக்கோடியில், பழைய துணி துவைக்கும் தொட்டிக்குப் பக்கத்தில், யாரும் நடந்து வராத மூலையைத்தான் காட்டுவார். சில வாரம் அதுவும் இல்லை. நடுச்சந்தையில் தொப்பி விற்றுக்கொண்டிருந்த கிழவி அந்த மாதத்தோடு விடப் போகிறாள், அந்த இடம் யாருக்கோ நிரந்தரமாகப் போகப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அத்தாவும் கேட்டிருந்தார், வேறு சிலரும் கேட்டிருந்தார்கள்.

மற்ற நாட்களில் வேனுக்குள்ளேயே ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டுவிடுவோம். பன்றியும் ஒயினும் இல்லாத சாப்பாடு அந்தப் பக்கத்துக் கிராமங்களின் சாப்பாட்டுக் கடைகளில் அபூர்வம். இந்த ஊர்ச் சந்தை மட்டும் வெள்ளிக்கிழமையில் கூடியது. வெள்ளிக்கிழமை அவர்கள் மீன்தான் சமைப்பார்கள், அது அவர்கள் மதத்தில் ஏதோ வழக்கம். ஜும்ஆ தொழுகைக்குப் பள்ளிவாசல் இல்லாத ஊரில் எங்கள் வெள்ளிக்கிழமை இப்படி மீனாக வந்தது. மூலையில் இருந்த சின்ன மேஜையில் எங்களை உட்கார வைத்து, கடைக்கார அம்மாள் ஆளுக்கொரு தட்டில் பொரித்த மீன் கொண்டுவந்து வைப்பாள். "என்ன வேணும்" என்ற கேள்வியே கிடையாது, இருப்பதுதான் சாப்பாடு. ரொட்டியைத் தட்டில் வைக்காமல் மேஜைமேல் விரித்த காகிதத்திலேயே போடுவார்கள். மீன் முடிந்ததும் தட்டை எடுக்க மாட்டார்கள். எல்லோரும் ரொட்டியால் அதைத் துடைத்துவிட்டு, அதிலேயே நாற்றமடிக்கும் பால்கட்டியை வாங்கிக்கொள்வார்கள். சோறு எப்போது வரும் என்று முதல் வெள்ளிக்கிழமை நான் கடைசிவரை காத்திருந்தேன்.

அந்த மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை கூட்டம் அதிகம். எங்கள் மூலை மேஜையில் யாரோ உட்கார்ந்திருக்க, கடைக்கார அம்மாள் எங்களை நடுவில் இருந்த நீள மேஜைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். எங்களுக்கு நேர் எதிரே மணியக்காரர் கழுத்தில் துண்டைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுண்ணாம்பு படிந்த சட்டையோடு நாலைந்து கொத்தனார்கள். அத்தா வழக்கம்போல ஒயின் கிளாஸைக் கவிழ்த்து வைத்தார். அப்போது அந்த அம்மாள் ஒரு பெரிய மண்சட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து மேஜைக்கு நடுவில், எங்களுக்கும் மணியக்காரருக்கும் இடையில் வைத்தாள். மேலே பொன்னிறமாகத் தீய்ந்த ஏடு. அத்தா குனிந்து மோந்து பார்த்தார்.

"கருவாடு புள்ள. முள்ளு எடுத்து உருளைக்கிழங்கோட மசிச்ச கருவாடு" என்றார். அப்புறம் முகம் மலர்ந்து, "பாத்தியா, இவங்களுக்கும் சகன் இருக்கு" என்றார்.

எங்கள் பக்கத்து முஸ்லிம் கல்யாணங்களில் சோறும் கறியும் நிறைந்த ஒரு பெரிய தாலத்தைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவதுதான் "சகன்". அவரவர் முன்னால் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும், அடுத்தவர் பக்கம் கை போகக் கூடாது. நல்ல துண்டு நம் பக்கம் இருந்தால் எதிரே இருப்பவர் பக்கம் தள்ளிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவர் எழுந்தால் மற்றவர்கள் கூச்சப்பட்டு அரைவயிற்றோடு எழுந்துவிடுவார்கள் என்பதால் கடைசி ஆள் முடிக்கும்வரை யாரும் எழக் கூடாது. இந்தச் சட்டம் எங்களுக்குப் பேச்சு வரும்போதே வந்துவிடும்.

அத்தா தட்டை ஓரமாக நகர்த்தினார், முழுக்கையைச் சுருட்டினார், பிஸ்மில்லா சொல்லித் தன் பக்கத்திலிருந்து கையால் எடுத்துச் சாப்பிடத் தொடங்கினார். "சாப்பிடு" என்று என்னையும் பார்த்தார். நானும் என் ஓரத்தில் கை வைத்தேன்.

கடைக்கார அம்மாள் கையில் பெரிய கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள்; அந்தக் கரண்டியால் ஆளாளுக்குத் தட்டில் பரிமாறிச் சட்டியை அடுத்தவருக்கு நகர்த்துவதுதான் அங்கே முறை என்று எனக்கு அந்தக் கரண்டியைப் பார்த்ததும்தான் உறைத்தது. அத்தாவுக்கு உறைக்கவில்லை. ஏன் எவரும் கை வைக்காமல் இருக்கிறார்கள் என்று திகைத்து, மணியக்காரரைப் பார்த்து, "வாங்க, உங்க பக்கம் எடுங்க" என்று கையால் காட்டித் தமிழிலேயே சொன்னார். மொறுமொறுப்பான ஏட்டில் ஒரு பெரிய துண்டை அவர் பக்கமாகத் தள்ளியும் விட்டார்.

மணியக்காரர் சட்டியைப் பார்த்தார், அந்த அம்மாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு முள்கரண்டியை எடுத்துச் சட்டிக்குள்ளேயே விட்டு, அந்தத் துண்டைத் தின்றார். கொத்தனார்களில் ஒருவன் ஏதோ சொல்ல, மற்றவர்கள் மேஜை குலுங்கச் சிரித்தார்கள். அந்த அம்மாள் உதட்டைக் குவித்து "ப்ஃப்" என்று காற்றை விட்டாள். அந்த ஊரில் கோபம், அலுப்பு, சம்மதம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே "ப்ஃப்"தான். போய் இன்னொரு சட்டியைக் கொண்டுவந்து கொத்தனார்களுக்குப் பரிமாறினாள்.

அதற்கப்புறம் அந்தச் சட்டி எங்கள் மூவருக்கும் என்று ஆனது. மணியக்காரர் நிதானமாகச் சாப்பிடுகிறவர். அவர் முடிக்காமல் அத்தா எழ மாட்டார். அத்தா தள்ளிவிடத் தள்ளிவிட அவரும் முடிக்க மாட்டேன் என்கிறார். எனக்கு வயிறு முட்டிவிட்டது. கொத்தனார்கள் பால்கட்டி தின்று, காப்பி குடித்து, போய்விட்டார்கள். "அத்தா, போதும், எந்திரிப்போம்" என்றேன். "சும்மாரு, மனுசன் சாப்பிடுறார்" என்றார். அடிச்சட்டி தெரிந்தபோது மணியக்காரர் ரொட்டியால் தன் பக்கத்தைத் துடைத்தார். அத்தா தன் பக்கத்தை விரலால் வழித்தார். மணியக்காரர் எழுந்து நின்று நீளமாக ஏதோ பேசினார். அத்தா எல்லாவற்றுக்கும் "வீ, வீ" என்று ஆமாம் போட்டுத் தலையாட்டினார்.

வெளியே வந்ததும், "திட்டுனாரா, நல்லதா சொன்னாரா?" என்று என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. முறை தெரியாமல் நடந்துகொண்டோம் என்பது அதற்குள் அவருக்கும் புரிந்திருந்தது என்று நினைக்கிறேன். வேனை விற்றுவிட வேண்டியதுதான் என்று ஒரு தரம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எனக்குள் எழுந்தது சந்தோஷமா பயமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மணியக்காரர் எங்களைக் கோடிக்கு அனுப்பவில்லை. எங்களுக்கு முன்னால் தொப்பிக் கிழவி நின்ற இடத்துக்கு நடந்துபோய், சாக்குக்கட்டியால் தரையில் ஒரு கோடு போட்டு, வேனைப் பார்த்துத் தலையசைத்தார். சட்டியைப் பகிர்ந்ததற்காகக் கொடுத்தாரா, பரிதாபப்பட்டுக் கொடுத்தாரா, முன்பே கொடுப்பதாக இருந்தாரா என்று கேட்க எங்களிடம் மொழி இல்லை.

சாயங்காலம் அத்தா போன் செய்தார். நானும் காதை ஒட்டி வைத்திருந்தேன். குடவாசல் பூத்திலிருந்து அம்மா "நல்லது" என்றார். பிறகு, "அப்ப நீங்க வர மாட்டீங்க" என்றார்.

ஊருக்குத் திரும்பிய ஒரு குடும்பத்தோடு என்னை அனுப்பிவிட்டார் அத்தா. ஏழாம் வகுப்பில் பாதி படித்தேன். பிறகு திருப்பூரில் தையல், குவைத்தில் வீட்டு வேலை, ஒரு கல்யாணம், கடைசியில் பாரிஸ் ஓரத்தில் ஓட்டல் அறைகளைத் துடைக்கும் வேலை. அத்தா எப்போதாவது ஊருக்கு வருவார், விருந்தாளி மாதிரி இருந்துவிட்டுப் போவார். அம்மாவை அழைத்துக்கொண்டு போகக் காகிதங்கள் தயாரான ஒவ்வொரு முறையும் அம்மா ஏதாவது காரணம் சொல்லித் தட்டிவிட்டார். அந்த இடத்தில் நின்றபடியேதான் அத்தா கிழவரானார், ஒரு குளிர்காலத்தில் அங்கேயே மவுத்தானார்.

போன வருஷம் விடுமுறையில் அந்த ஊருக்குப் போனேன், வெள்ளிக்கிழமையாகப் பார்த்துத்தான். சந்தை கூடுவதில்லை. சாப்பாட்டுக் கடை இருந்த சுவரில் இப்போது கண்ணாடி ஜன்னல், உள்ளே யாரோ குடியிருக்கிறார்கள். ரொட்டிகூட ஒரு இயந்திரத்தில் பொத்தானை அமுக்கினால் விழுகிறது. நடுத்தெருவில் நின்று அம்மாவுக்கு வீடியோவில் பேசினேன். ஊரைக் காட்டச் சொன்னார், சுற்றிக் காட்டினேன்.

"அவுங்க நின்ன இடம் எது?"

காட்டினேன். ஒரு கார் நின்றிருந்தது.

"இப்ப அங்க யாரு ஏவாரம் பண்றா?"

"யாரும் இல்லம்மா. இப்பல்லாம் யாரும் கேக்குறதில்லையாம்."

அம்மா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவுதானா இடம்" என்றார். எந்தக் குரலில் அதைச் சொன்னார் என்று எனக்குப் பிடிபடவில்லை. கார்க்காரர் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போகும்வரை நான் போனை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.