நான் லாயத்தைத் திறக்கவில்லை

நம்பாதவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. என் வலது உள்ளங்கையில் சங்கிலி பதிந்த தழும்பு இருக்கிறது, எனக்கு அது போதும். பேய் இருட்டில்தான் வரும் என்பார்கள். என்னிடம் வந்தது பட்டப்பகலில். மதியம் மூன்று இருபதுக்கு.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில், மலையடிவாரத்தில் என் பண்ணை. ஆறு குதிரைகள், நாலு ஆடுகள், ஒரு நாய். அந்த ஜனவரி வெள்ளிக்கிழமை வெயில் நாற்பத்து நாலு டிகிரி. மலைக்கு அந்தப் பக்கம் காடு எரிந்துகொண்டிருந்தது. என் தம்பி ரோவன் ஆடுகளையும் நாயையும் அவனுடைய சின்ன லாரியில் ஏற்றினான். குதிரைகளுக்கு அதில் இடமில்லை.

"அக்கா, நீயும் ஏறு. அதுங்க ஓடிப் பிழைச்சுக்கும்."

"நீ போ. நான் வரல."

"நீ என்ன, குதிரைக்குப் பொறந்தவளா?"

"ஆமா. உன்னத்தான் தவிட்டுக்கு வாங்கினாங்க. வண்டிய எடு."

இரண்டு நாற்பதுக்கு அவன் கிளம்பினான். இரண்டு ஐம்பத்தைந்துக்குச் சாலையை மூடிவிட்டதாக ரேடியோ சொன்னது.

நான் ஆறு குதிரைகளையும் புல்லே இல்லாத மொட்டை நிலத்துக்கு விரட்டினேன். நைலான் உருகித் தோலோடு ஒட்டும் என்பதால் முகக் கயிறுகளைக் கழற்றினேன். எங்காவது ஓடிப்போனால் கண்டவர்கள் கூப்பிடட்டும் என்று குளம்புகளில் என் போன் நம்பரை எழுதினேன். சாலைக் கதவைச் சாத்தி, உள்கதவுகளை எல்லாம் திறந்துவிட்டேன். கடைசியாக, காலியாக இருந்த மர லாயத்தின் கதவைச் சங்கிலியால் பூட்டினேன். பயந்த குதிரை லாயத்துக்குள்தான் ஓடும். ஓடினால் வெந்து சாகும்.

மூன்று பதினைந்து. புகை வானத்தை மூடியது. சாம்பல் மழையாகக் கொட்டியது.

மூன்று இருபது. ரோவனின் குரல் கேட்டது.

"உள்ள அடை... உள்ளதான் பத்திரம்."

லாயத்தின் பக்கமிருந்து. திரும்பி வந்துவிட்டானா? கோபத்தோடு நடந்தேன். லாரி இல்லை. யாரும் இல்லை.

"உள்ள அடைங்க, முதலாளியம்மா..."

நின்றுவிட்டேன். ரோவன் என்னை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

அப்போது உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

டக்... டக்... டக்...

குளம்பு பலகையை உதைக்கும் சத்தம்.

திரும்பிப் பார்த்து எண்ணினேன். மொட்டை நிலத்தில் ஆறும் நின்றன. ஒன்றுகூடத் தீயைப் பார்க்கவில்லை. ஆறும் லாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

நெல் என்று நான் கூப்பிடும் கிழட்டுப் பெட்டைக் குதிரை மட்டும் லாயத்தை நோக்கி நடக்கத் தொடங்கியது. கழுத்தில் கயிறு இல்லை. ஆனால் யாரோ பிடித்து இழுப்பதுபோல் கழுத்து முன்னால் நீண்டிருந்தது.

லாயக் கதவுக்கு முன்னால் குறுக்கே நின்றேன். அதன் நெஞ்சில் தோளைக் கொடுத்துத் தள்ளினேன்.

"திறங்க..."

"மாட்டேன்."

கதவு அதிர்ந்தது. சங்கிலி தளர்ந்தது. எட்டிப் பிடித்தேன். அனலில் காய்ந்திருந்த இரும்பு கையைப் பொசுக்கியது. விடவில்லை.

"திறங்க, முதலாளியம்மா..."

"என் குதிரைங்க. நீ யாருடா சொல்ல?"

உதை... உதை... ஒரு குதிரை அல்ல. நிறைய.

பிறகு...

அமைதி.

நெல் உடம்பை உதறிக்கொண்டு மற்றவற்றிடம் ஓடியது. மூன்று முப்பத்தெட்டு. தீ வேலியைத் தாண்டியது. கல் வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்தினேன். ஆறும் தாழ்வான தீயைத் தாண்டி எரிந்து முடிந்த தரைக்குப் பாய்ந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

வால் கருகியது, குளம்புக்கு மேல் தோல் கொப்புளித்தது. ஆறும் பிழைத்தன. லாயம் சாம்பல்.

ரோவன் இரவு ஏழு மணிக்குத்தான் வந்தான். மதியம் மூன்றிலிருந்து ஊர்த் திடலில் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தானாம்.

பண்ணையை விற்கச் சொன்னார்கள். விற்கவில்லை. அடுத்த மாதமே புது வேலி போட்டேன். லாயம் இருந்த இடத்தைத் தோண்டச் சொன்னேன்.

மூன்றடி ஆழத்தில் இன்னொரு லாயம், கரியாக. அதில் பழைய காலத்து லாடங்கள், நாலு நாலாக, பதினோரு இடத்தில். அவற்றைச் சுற்றிக் குதிரை எலும்புகள்.

கதவின் இரும்புத் தாழ்ப்பாளும் கிடைத்தது. உள்பக்கமிருந்து தாழ் போட்டபடியே இருந்தது.

மனித எலும்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.