நான்காவது எழுத்து முடியும் வரை

என் மாமாவின் வாய்க்கு லீவே கிடையாது. அம்மாவின் தம்பி அவர். துபாயில் அல் குசைஸ் பக்கம் பெயர்ப்பலகை செய்யும் பட்டறையில், எழுத்துகளுக்குத் தங்க ரேக்கு ஒட்டுவது அவர் வேலை. லேசாக ஊதினாலே பறந்துவிடும் அந்த மெல்லிய தங்கத் தாள். மற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டுவார்கள். மாமாவோ முகக்கவசத்தை இழுத்து மாட்டிக்கொண்டு, அதற்குள்ளிருந்து பேசிக்கொண்டே ஒட்டுவார்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. கொரோனாவுக்குப் பிறகு பட்டறையில் ஆர்டர் குறைந்து போயிருந்தது. விசா முடிகிற ஆறு பேரில் யாரை வைத்துக்கொள்வது, யாரை ஊருக்கு அனுப்புவது என்று அர்பாப் அந்த வாரம் முடிவெடுப்பார் என்றார்கள். முதலாளியை அங்கே எல்லோரும் அர்பாப் என்றுதான் சொல்வார்கள். அந்த ஆறு பேரில் மாமாவும் ஒருவர். மாமா போய்விட்டால் விடுமுறை நாளான வெள்ளிக்கிழமைகளில் எனக்கு யார் இருக்கிறார்கள்? அப்பா டிவி முன்னால் தூங்கிவிடுவார்.

அந்த நேரத்தில்தான் அந்தப் பலகை வந்தது. யூதர் ஒருவர் தம் வீட்டு வழிபாட்டு அறைக்காகக் கருப்பு மரத்தில் நான்கு ஹீப்ரு எழுத்துகள் கேட்டிருந்தார். அவர்களுடைய ஓவியர் ஒருவரே வந்து எழுத்துகளை வரைந்து கொடுத்துவிட்டார். அவற்றுக்குத் தங்கம் பூசுவதுதான் மாமாவின் பங்கு. வியாழக்கிழமை சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவர், உட்காரும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"அக்கா, நாலே எழுத்து. கடவுள் பேரு. ஆனா அத வாய்விட்டு வாசிக்க மாட்டாங்களாம். அந்த இடம் வந்தா வேற பேரு சொல்லிருவாங்களாம்."

"பெரியம்மா பெரியப்பா பேரச் சொல்லாத மாதிரியா?" என்றேன். அம்மா தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

தட்டில் ரசத்தைத் தொட்டு, வலமிருந்து இடமாக அந்த எழுத்துகளை எழுதிக் காட்டினார். முதல் எழுத்து அந்தரத்தில் தொங்கும் சின்னத் துளி. இருப்பதிலேயே சிறியது அதுதான், மற்ற எழுத்துகளெல்லாம் அதிலிருந்தே தொடங்குகின்றனவாம். மூன்றாவது ஒற்றைக் கோடு. வானத்தையும் மண்ணையும் பிணைக்கும் கொக்கியாம். இரண்டாவதும் நான்காவதும் ஒரே எழுத்து. மேலே கூரை, இரண்டு கால்கள், கீழே முழுக்கத் திறந்த வாசல். விலகிப் போக நினைப்பவன் தாராளமாகப் போகலாம். ஆனால் இடது கால் கூரையைத் தொடாது, நடுவே ஒரு சந்து இருக்கும்.

"எதுக்குத் தெரியுமா? போனவன் மனசு மாறித் திரும்பி வந்தா உள்ள நுழையுறதுக்கு! ஒரு எழுத்துக்குள்ள வழி விட்டு வச்சிருக்காங்கக்கா!" மாமாவின் கண் கலங்கியிருந்தது. எனக்கும் அந்தச் சந்து ரொம்பப் பிடித்துப்போனது.

இன்னொன்றும் சொன்னார். அவர்கள் வேதத்தை எழுதுகிறவர், அந்தப் பெயரை எழுதத் தொடங்கிவிட்டால் முடிக்கும்வரை பேசக் கூடாதாம். ராஜாவே வந்து நலம் விசாரித்தாலும் பதில் சொல்லக் கூடாதாம்.

"ராஜா கிடக்கட்டும். நீ பத்து நிமிஷம் சும்மா இருந்து காட்டு, பாப்போம்" என்றாள் அம்மா.

"அந்த விதி எங்க ஆளுங்களுக்குத்தான், உனக்கு இல்லன்னுதான் அந்த ஓவியரும் சொன்னாரு. ஆனா பூசுறது நான்தானக்கா?"

இந்தக் கூத்தைப் பார்க்கவே மறுநாள் அடம்பிடித்து மாமாவோடு பட்டறைக்குப் போனேன். விடுமுறை, வேறு யாரும் இல்லை. ரேக்கு பறக்காமலிருக்க ஏசி, ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். மேசைமேல் பலகை படுத்திருந்தது. பசை தடவியாகிவிட்டது, அது காய்வதற்குள் ஒட்டி முடிக்க வேண்டும். பிசகினால் சுரண்டி எடுக்கவும் முடியாது, அந்தப் பெயரை அழிக்கவே கூடாதாம். வியர்வை கண்ணில் இறங்க இறங்க மாமா ஒட்டினார். வாயிலிருந்து ஒரு சத்தம் இல்லை. இவர் என் மாமாதானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

நான்காவது எழுத்தைத் தொட்ட நேரம் கதவு திறந்தது. ஜும்ஆ தொழுகை முடித்து, வெள்ளை வெளேரென்ற கந்தூரா அங்கியில் அர்பாப் நின்றார். பின்னாலேயே மலையாளி ஃபோர்மேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார் அர்பாப்.

மாமா நிமிரவில்லை.

"அண்ணே! அர்பாப் சலாம் சொல்லுறாரு!" என்று பதறினார் ஃபோர்மேன். மாமாவின் காது மடல் சிவந்தது. கை மட்டும் ஆடவில்லை. ஐயோ, ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

"கடவுள் பேரு எழுதுறாரு, சார்" என்று ஆங்கிலத்தில் உளறினேன்.

அர்பாப் என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். அவருடைய அறைக்குப் போகிற வழி மாமாவின் முகத்துக்கு நேரே, மேசையை ஒட்டிப் போகிறது. இரண்டடி வைத்தவர் சட்டென்று நின்றார். திரும்பி, மாமாவின் முதுகுப் பக்கமாக, பிளைவுட் அடுக்குகளுக்கு நடுவே உடம்பை ஒடுக்கிக்கொண்டு நடந்தார். கந்தூராவெல்லாம் மரத்தூள். நேர்வழியில் போகப் பார்த்த ஃபோர்மேனையும் சட்டையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மாமாவின் முகத்தில் விழிக்கக்கூட அவருக்கு இஷ்டமில்லை என்றே எனக்குப் பட்டது. கலாஸ், எல்லாம் முடிந்தது. அங்கேயே உட்கார்ந்து கேவிக் கேவி அழுதேன்.

கடைசித் துண்டு ரேக்கை ஒட்டிவிட்டு மாமா ஓடிப்போய் அறை வாசலில் சலாம் சொன்னார். அர்பாப் எழுந்து நின்று பதில் சலாம் சொன்னார், அவ்வளவுதான். மறுவாரம் வந்த பட்டியலில் மாமா தங்குகிறவர்களில் இருந்தார். என் அழுகையைப் பார்த்துத்தான் அர்பாப் மனம் இரங்கினார் என்பது என் கட்சி. வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். மாமாவும் மறுக்கவில்லை.

போன மாதம் கல்லூரியில், வகுப்புக்கு நேரமாகிவிட்டதென்று வராந்தாவில் ஓடினேன். ஓரமாக ஒரு பெண் பாய் விரித்து நின்றிருந்தாள். அவளுக்கு முன்னால் தாண்டப் போன என்னைத் தோழி பையைப் பிடித்து இழுத்தாள்.

"தொழுதுட்டிருக்கா. முன்னால போகக் கூடாது, பின்னால சுத்தி வா. இப்ப நீ சலாம் சொன்னாக்கூட அவ பதில் சொல்ல மாட்டா."

பிளைவுட் அடுக்குகளுக்கு நடுவே ஒடுங்கி நடந்த அர்பாப் நினைவுக்கு வந்தார். அவ்வளவு பெரிய மரியாதையைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டுதான் அன்றைக்கு நான் அப்படி அழுதிருக்கிறேன்.