கொசு அக்காவும் களவுபோன நீலச் சைக்கிளும்

விடிந்தும் விடியாததுமாக மணி அடித்து, வந்த காலோடு ரத்தத்தை எடுத்துக்கொண்டு பறந்துவிடுகிற ஆளுக்கு வேறென்ன பேர் வைப்பார்கள்? நான்காவது மாடியில் இருந்த சர்க்கரை நோயாளி ஒருவர்தான் முதலில் 'கொசு அக்கா' என்று கூப்பிட்டார். அந்தப் பேர் லேப் வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் அதில் கோபமில்லை.

"கொசு கடிச்சா அரிக்கும். நான் குத்துனா அரிக்குதா, சொல்லுங்க?" என்று கேட்பாள்.

வயது நாற்பத்தேழு. வீடு வீடாகப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பது வேலை. காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் ஒன்பதுக்குள் பதினோரு வீடு. எல்லோரும் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பார்கள். பத்து நிமிடம் பிந்தினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். எடுத்த குழாய்களை இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்காவிட்டால் கெட்டுப்போகும். மறுபடியும் அதே வீட்டுக்குப் போய் அதே கையைக் கேட்க வேண்டும். வண்டி நிறுத்த இடமில்லாத அந்தத் தெருக்களுக்குச் சைக்கிள்தான் தோது. நீலச் சைக்கிள், பின்னால் ஐஸ் பெட்டி, இடுப்பு வலிக்காக அகலமான மெத்து மெத்தென்ற சீட். அந்தச் சீட்டை அவள் கடை கடையாக ஏறி இறங்கித் தேடி வாங்கியிருந்தாள்.

அதற்கு முந்திய சைக்கிள் களவுபோயிருந்தது. அதனால் அவளோடு ஒரே வீட்டில் இருக்கும் தம்பி, மின்சாதனக் கடையில் வேலை பார்ப்பவன், ஒரு நாள் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன வட்டத்தை எடுத்து மேசையில் வைத்தான்.

"என்னடா இது, கோட்டுப் பொத்தான் மாதிரி?"

"டிராக்கர்க்கா. பக்கத்துல யாரோட போன் இருந்தாலும் அது வழியா, நான் இங்க இருக்கேன்னு உனக்குச் சொல்லிடும். உன் போன் மேப்புல புள்ளியா வரும்."

"அப்ப சைக்கிள் திருடு போகாதா?"

"போகும். எங்க போச்சுன்னு தெரியும்."

"போனதுக்கப்புறம் தெரிஞ்சு என்னத்துக்கு?" என்றாள். ஆனாலும் அவன் ஆசையைக் கெடுக்க மனமில்லை. எங்கே வைப்பது என்று தம்பி அரை நாள் யோசித்தான். இரும்புக் குழாய்க்குள் வைத்தால் சிக்னல் வராது. வெளியே ஒட்டினால் திருடன் பிய்த்துப் போட்டுவிடுவான். கடைசியில் சீட்டின் அடிப்பக்கத்தைப் பிரித்து, உள்ளே பஞ்சுக்குள் செருகி, பசை போட்டு மூடினான். "பிரம்மா வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது" என்று கையைத் தட்டிக்கொண்டான்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு வீட்டில் நரம்பு பிடிபடாத குழந்தையோடு கொஞ்சம் மல்லுக்கட்டிவிட்டுக் கீழே இறங்கி வந்தாள். அறுபட்ட சங்கிலி மட்டும் கம்பத்தடியில் கிடந்தது. நல்லவேளை, ஐஸ் பெட்டியை மேலே கொண்டு போயிருந்தாள். பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் ஓடிய ஓட்டத்தை அந்தத் தெருவே பார்த்தது.

மறுநாள் மாலை போனில் புள்ளி முளைத்தது. ஊரின் வடக்கு ஓரத்தில், வரிசையாக அடுக்குமாடி வீடுகள் உள்ள இடம். தம்பி துள்ளிக் குதித்தான். இருவரும் காவல் நிலையத்துக்குப் போனார்கள். அங்கிருந்த காவலர் போனை வாங்கி, தூரத்தில் பிடித்தும் கிட்டத்தில் பிடித்தும் பார்த்தார். கெட்ட மனிதரில்லை.

"அம்மா, இந்தப் புள்ளியைச் சுத்தி அறுபது வீடு இருக்கும். எந்தக் கதவைத் தட்டச் சொல்றீங்க?"

"அறுபதையும் தட்டுங்களேன்."

"தட்டினா என் வேலை போயிடும். இன்ன இடம்னு தெரிஞ்சா சொல்லுங்க, நானே வர்றேன்."

அதிலிருந்து கொசு அக்காவுக்குப் போனைப் பார்ப்பதே பிழைப்பாகிவிட்டது. நடந்தும் பஸ் பிடித்தும் பதினோரு வீடு ஏழாகக் குறைந்தது. லேப் மேலாளர் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார். அவளோ ஒவ்வொரு வீட்டு மாடிப்படியிலும் நின்று புள்ளியைப் பார்த்தாள். அது காலை ஐந்து மணிக்குக் கிளம்பும். ரொட்டித் தொழிற்சாலையில் போய் நிற்கும். மதியம் இரண்டரைக்குத் திரும்பும். மூன்றாம் நாளிலிருந்து தினம் ஒரு வழியில் போக ஆரம்பித்தது. ஒரு நாள் ஆற்றோரமாக, ஒரு நாள் மேம்பாலம் சுற்றி, ஒரு நாள் ஒரே தெருவை இரண்டு முறை வலம் வந்து.

"திருட்டுப் பயலுக்கு மூளை இருக்கு, பாரு. யாரும் பின்தொடரக் கூடாதுன்னு வழி மாத்தி மாத்திப் போறான்" என்று தம்பியிடம் பொரிந்து தள்ளினாள். அவள் மனதில் அவனுக்கு ஒரு முகமே வந்துவிட்டது. தடித்த கழுத்து, முழங்கை வரை மடித்த சட்டை. தன்னைப் போலவே விடியலில் எழுந்து, தன்னுடைய மெத்தைச் சீட்டில் சொகுசாக உட்கார்ந்து வேலைக்குப் போகிற அந்த முகத்தை நினைக்க நினைக்க வயிறு எரிந்தது.

ஒன்பதாம் நாள் பொறுக்க முடியவில்லை. ஷிப்ட் முடியும் நேரம் பார்த்துத் தொழிற்சாலைக்கே போய்விட்டாள். பின்வாசல் பக்கம் தகரக் கூரையின் கீழ் நூறு சைக்கிளாவது இருக்கும். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். தன் நீலச் சைக்கிளைக் காணோம். போனில் 'ஒலி எழுப்பு' என்று ஒரு பொத்தான் இருப்பது நினைவுக்கு வந்தது. அழுத்தினாள்.

கீச், கீச் என்று கூண்டுப் பறவைபோல எங்கோ கத்தியது. காதைத் தீட்டிக்கொண்டு போய் நின்றால், எதிரே ஒரு பச்சைச் சைக்கிள். துருப்பிடித்த, முன்சக்கரம் லேசாகக் கோணிய பச்சைச் சைக்கிள். அதன் மேல் அவளுடைய அகலச் சீட்.

"அது என் சைக்கிள்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

திரும்பினாள். முப்பது வயதுகூட இருக்காத ஒரு பெண். புருவத்தில் மாவு. தடித்த கழுத்துமில்லை, மடித்த சட்டையுமில்லை.

"சைக்கிள் உன்னோடதுதாம்மா. சீட் என்னோடது" என்றாள் கொசு அக்கா. அவ்வளவு நாள் சேர்த்து வைத்த ஆத்திரத்தில் குரல் உயர்ந்துவிட்டது. "உள்ள டிராக்கர் வச்சிருக்கேன். ஒன்பது நாளா நீ எங்க போற, எங்க வர்றன்னு எல்லாம் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்!"

அந்தப் பெண் சண்டைக்கு வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

"அது நீங்களா?" என்றாள். "நீங்கதானா அது?"

அழுகையும் மூச்சுமாக அவள் சொன்னதைக் கேட்கக் கேட்கக் கொசு அக்காவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. சீட் வாங்கிய மறுநாளே அந்தப் பெண்ணின் போனில் ஓர் எச்சரிக்கை வந்திருக்கிறது: முன்பின் தெரியாத கருவி ஒன்று உங்களோடு சேர்ந்து நகர்கிறது, அதன் உரிமையாளர் உங்கள் இருப்பிடத்தைப் பார்க்க முடியும். இந்தக் கருவியை வைத்து ஆளை வேவு பார்க்கக் கூடாது என்பதற்காகப் போனில் வருகிற எச்சரிக்கை அது. உரிமையாளரை விட்டு வெகுநேரம் விலகியிருந்தால் கருவி தானாகவும் கீச்சிடும். அவள் கைநீட்டுகிற புருஷனை விட்டு வந்து ஏழு மாதம்தான் ஆகிறது. எங்கே இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியாது.

"அவன் கண்டுபிடிச்சிட்டான்னே நினைச்சேன்க்கா. கைப்பையைக் கிழிச்சுப் பார்த்தேன். செருப்பை மாத்தினேன். தினம் வேற வேற வழியில போனேன். நடுவுல ரெண்டு தடவ கீச்சுனு சத்தம் வந்துச்சு, எங்கிருந்துன்னு தெரியல. தொட்டா அவனுக்குத் தெரிஞ்சிடுமோன்னு போன்ல எதையும் அமுக்கல. கதவுக்கு முட்டுக் கொடுத்துட்டு உட்கார்ந்திருந்தேன்."

கொசு அக்கா பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். பழக்கதோஷம், அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"நான் உன்னைத் தடிமாடுன்னு நினைச்சு ஒன்பது நாளா திட்டிக்கிட்டு இருந்தேன்" என்றாள். "மன்னிச்சுக்கோம்மா."

"நான் உங்களை அவன்னு நினைச்சேன்" என்று சொல்லி அந்தப் பெண் மூக்கை உறிஞ்சினாள். அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்துவிட்டது.

பழைய சீட் கிழிந்து, மழை பெய்தால் பஞ்செல்லாம் ஊறி உடுப்பு நனைகிறது என்று, தெருமுனைச் சைக்கிள் கடையில் இந்தச் சீட்டை வாங்கினாளாம். காவலருக்குப் போன் போட்டார்கள். தட்டுவதற்கு ஒரு கதவு கிடைத்துவிட்டதால் அவர் சொன்னபடி வந்தார். கடைக்காரன் முதலில் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தான். யாரோ மொத்தமாகக் கொண்டுவந்து தந்த சாமான்தான் என்று பிறகு இறங்கி வந்தான். பின்னறையில் கொசு அக்காவின் முன்சக்கரமும் பெட்டி வைக்கிற கேரியரும் கிடைத்தன. அவன்மேல் வழக்கு எழுதினார்கள். நீல ஃப்ரேம் எந்த ஊரில் என்ன நிறத்தில் ஓடுகிறதோ, அது கடைசிவரை அகப்படவேயில்லை.

சீட்டை நீயே வைத்துக்கொள் என்று கொசு அக்கா எவ்வளவோ சொன்னாள். "கருவியை எடுத்துட்டேன், பாரு, வெறும் பஞ்சுதான்" என்று பிரித்தும் காட்டினாள்.

"வேண்டாம்க்கா. அதுல உட்கார்ந்தா யாரோ பார்க்கிற மாதிரியே இருக்கு" என்றாள் அந்தப் பெண். கொசு அக்கா வேறு கடையில் புதுச் சீட் வாங்கி வந்து, தன் கையாலேயே மாட்டி, அந்தக் கோணல் சக்கரத்தையும் தம்பியை விட்டு நிமிர்த்திக் கொடுத்தாள்.

லேப் மேலாளரின் வீட்டில் சும்மா கிடந்த சைக்கிள் ஒன்று கொசு அக்காவுக்கு வந்து சேர்ந்தது. தம்பி மறுபடி டிராக்கரோடு நின்றான்.

"வை. ஆனா கழட்டி எடுக்கிற எதுலயும் வைக்காதே. ஃப்ரேமோட திருகிவை" என்றாள். பிறகு ஒரு துண்டுத் தாளை எடுத்து, 'இதில் டிராக்கர் உள்ளது' என்று கொட்டை எழுத்தில் எழுதி, கீழே தன் போன் நம்பரையும் போட்டு, ஃப்ரேமில் ஒட்டினாள்.

தம்பிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்னக்கா, திருடனுக்கு நீயே துப்புக் கொடுக்கிறியா?"

"திருடன் பார்த்தா வேற சைக்கிளைத் தேடுவான். இல்ல, பிய்ச்சு எறிவான், எறியட்டும். தெரியாம வாங்குறவங்க பயந்து சாக வேண்டாம் பாரு."

இரண்டு பூட்டும் வாங்கினாள். அதில் ஒன்று அவள் மணிக்கட்டுத் தடிமன். அவ்வளவு கனமாக எதற்கு என்று நோயாளிகள் கேட்டால், "இது பிடிச்சு வைக்கும். டிராக்கர் காட்டிக் கொடுக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்" என்பாள்.

சில மாதம் கழித்து, உடம்புப் பரிசோதனைக்காக அந்தக் காவலர் வீட்டுக்கே ரத்தம் எடுக்கப் போக நேர்ந்தது. கையை நீட்டிக்கொண்டே, மகளுக்குச் சைக்கிள் வாங்கப் போவதாகவும், அந்தப் பொத்தான் மாதிரி இருந்த சமாச்சாரம் எங்கே கிடைக்கும் என்றும் கேட்டார்.

"தம்பி கடையில கிடைக்கும். முதல்ல நல்ல பூட்டா வாங்குங்க, அப்புறம் இதை வாங்கலாம்" என்றாள் கொசு அக்கா. "மகள்கிட்டச் சொல்லிட்டு வைங்க, தெரியாம வைக்காதீங்க. இப்ப கையை மடக்குங்க, பஞ்சை அழுத்திப் பிடிங்க."