பட்டியலில் செஞ்சி கிளை எத்தனையாவது?

இணையப் படிவத்தில் அம்புக்குறியைத் தட்டினால் கீழே ஊர்ப்பெயர்கள் விழுமே, அவற்றை டேட்டாபேஸில் ஏற்றுவது நன்றி கிடைக்காத வேலை; இதில் மாட்டியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் சங்கத்தில் எனக்கு நடந்த அநீதிகளை வரிசையாகவே சொல்கிறேன். முதலாவது, நான் நட்ட கொடிக்கம்பத்தின் கல்வெட்டில் என் பெயரை விட்டுவிட்டார்கள். இரண்டாவது, மாநாட்டு மலரில் என் படத்தைப் பாதியாக வெட்டினார்கள். மூன்றாவது, போன மறியலில் நான் சிறையில் இருந்தபோது அனந்தபுரத்தில் புதுக் கிளை திறந்து அருள்தாஸைச் செயலாளர் ஆக்கினார்கள். நான்காவது, விவசாயச் சங்க அலுவலகத்தில் எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் வேலையைத் தந்தார்கள்.

அகர வரிசை

உறுப்பினர் படிவத்துக்குக் கிளைப் பட்டியல் தேவைப்பட்டது. செஞ்சியைத்தான் முதலில் ஏற்றினேன். சங்கத்தின் முதல் கிளை, நான் தொடங்கியது, இன்றும் நான்தான் செயலாளர். திரையில் பார்த்தால் அனந்தபுரம் உச்சியில் இருக்கிறது, செஞ்சி அதற்குக் கீழே. அருள்தாஸ் லத்தியைப் படத்தில்தான் பார்த்திருப்பான். படிவத்தை உருவாக்கிய கலைச்செல்வியிடம் நியாயம் கேட்டேன்.

"அது அகர வரிசைண்ணே. ஜெயிலுக்குப் போனது யாருன்னு கம்ப்யூட்டருக்கு இன்னா தெரியும்?"

வெற்று வரி

பெயர்களுக்கு மேலே 'தேர்வு செய்க' என்று ஒரு வரி இருக்கும். பனமலைக்காரர் ஒருவர் அதைத் தொடாமலே படிவத்தை அனுப்பிவிட்டார். உறுப்பினர் அட்டையில் 'கிளை: தேர்வு செய்க' என்று அச்சாகி வந்தது. ஊரே இல்லாத அந்த வரிகூட எனக்கு மேலே நிற்கிறதே என்று வயிறு எரிந்தது. திருத்தித் தருகிறேன் என்று அட்டையைக் கேட்டேன். அவர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இருக்கட்டும்பா. இத்த வச்சி எந்த ஊரு மீட்டிங்குக்கும் போலாம்ல?"

வரிசை எண்

செஞ்சியில் நடக்கவிருந்த மாநாட்டில் கிளைச் செயலாளர்களை இந்தப் பட்டியல்படியே மேடைக்கு அழைப்பார்கள், முதல் ஆள் கொடியேற்றுவார் என்று முடிவானது. அருள்தாஸ் புது வேட்டி எடுத்துவிட்டான் என்று கேள்வி. நான் கலைச்செல்வியை விடவில்லை. கடைசியில் அவள் 'வரிசை எண்' என்று ஒரு கட்டம் சேர்த்துத் தந்தாள். சின்ன எண் மேலே வரும். எல்லா ஊருக்கும் எண் போட்டுவிடுங்கள் என்றாள்.

செஞ்சிக்கு ஒன்று போட்டேன். அருள்தாஸுக்கு இரண்டு என்று என் கையால் போட மனம் வரவில்லை. மற்ற ஊர்களையெல்லாம் காலியாக விட்டு, பட்டியலைத் திரும்பிப் பார்க்காமல் சட்டைக்கு இஸ்திரி போடக் கிளம்பினேன்.

காலிக் கட்டத்தைக் கம்ப்யூட்டர் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும், பூஜ்யம் ஒன்றுக்கு முன்னால் வரும் என்பது, அருள்தாஸ் கொடிக்கயிற்றை இழுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. பனமலை போனது, மண்டகப்பட்டு போனது, மேல்சித்தாமூரும் மேடை ஏறியது. செஞ்சிக் கடைவீதியே திரண்டு நிற்க, கலைச்செல்வி மைக்கில் வாசித்தாள்.

"கடைசியாக, செஞ்சி கிளை, எத்திராஜ்."

ஐந்தாவது அநீதியை மட்டும் நானே ஏற்றினேன்.