மச்சாளுக்கு ஊத்தின ரெண்டு தேத்தண்ணி

போன வருசம் லண்டனில இருந்து கரம்பொனுக்கு வந்த அண்ணையின்ர மனிசி, நான் சந்திக் கடை ரீ பாக்கில ஊத்தின தேத்தண்ணியில ஒரு மிடறு குடிச்சிட்டு மிச்சத்தை முத்தத்துச் செவ்வரத்தைச் செடிக்கு ஊத்தினவா.

"உதை மனிசர் குடிக்க ஏலாது" எண்டவா. வந்திருந்த சனத்துக்கு முன்னால.

நான் மறக்கேல்லை.

இண்டைக்குத் திரும்பவும் வந்தா. கையில தன்ர விலை கூடின ரீ பாக் பெட்டி.

குசினிக்குள்ள போனன். அவவின்ர பாக்கை எங்கட கிணத்து உவர்த்தண்ணியில ஊத்தினன். கடைப் பாக்கை, சாட்டிக் கிணறுகளில இருந்து பவுசர் லொறியில வாற நல்ல தண்ணியில ஊத்தினன்.

"ஒண்டு உங்கட பாக், மற்றது கடைப் பாக். எது எதெண்டு சொல்லுங்கோ மச்சாள்."

லண்டன் குழாய்த்தண்ணி குடிச்சு அவவுக்கு ஊர்க் கிணறு மறந்துபோச்சு. தன்ர பாக்கில ஊத்தினதை வாயில வைச்சதும் முகம் கோணிச்சுது. கடைப் பாக்கை அடிமட்டும் குடிச்சா.

"இதுதான் என்ரை. மணமே சொல்லுது. மற்றது உம்மட கடைச் சாமான்."

"ஓம் மச்சாள்" எண்டன்.

நாளைக்குத் தன்ர பாக்கின்ர அருமையைக் காட்டச் சொந்தக்காரர் எல்லாரையும் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டிருக்கிறா. ஊத்தப்போறது நான்.

எந்தத் தண்ணியில எண்டு நீங்களே சொல்லுங்கோ. கதிரையளை இப்பவே செவ்வரத்தைக்குக் கிட்டப் போட்டு வைச்சிட்டன்.