சத்தியபாயின் கிணறு நாறிய மாதங்கள்

புதுக்கடை சந்தைக்குப் பின்புறம் குடியிருக்கும் சத்தியபாய் சுத்தத்துக்குப் பேர்போனவள். மழை ஓய்ந்ததும் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் கலக்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. அந்தக் கிணற்றில்தான் தண்ணீர் மஞ்சளாக ஊறியது.

வேலிக்கு அப்பால் மூடிக்கிடந்த முலாம் பட்டறையின் குரோமிய நஞ்சு மண்ணுக்குள் இறங்கியிருந்தது. கல்லூரியிலிருந்து வந்த ஆராய்ச்சிப் பெண் ஜெஸ்பின், கிணற்றைச் சுற்றிக் குழாய்கள் இறக்கி, சர்க்கரைப்பாகைக் கரைத்து ஊற்றினாள். இது பலிக்காவிட்டால் கிணற்றைத் தூர்க்க வேண்டியதுதான். தெருக்குழாய்த் தண்ணீர் சுமந்தே சத்தியபாயின் இடுப்பு ஓய்ந்திருந்தது.

"கீழ உள்ள கிருமிகளுக்குச் சாப்பாடாக்கும், அக்கா. அதுக பெருகினா செம்மண்ணுல உள்ள இரும்பை இளக்கும். அந்த இரும்பு குரோமியத்தைப் பிடிச்சு மண்ணோட ஒட்டவச்சிரும். பிறவு தண்ணியில வராது."

"கிருமிக்குச் சோறு போடுதியளா? நல்ல கூத்து!"

மஞ்சள் வெளுத்தது. கூடவே கூமுட்டை நாற்றமும் கிளம்பியது. அந்த வாரம் வீட்டு ஜெபக்கூட்டம் சத்தியபாயின் முறை. பெண்கள் வருமுன் குழாய்களிலெல்லாம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துக் கவிழ்த்தாள். நாற்றம் அடங்கியது. கூட்டம் சிறப்பாக நடந்தது.

அடுத்து ஜெஸ்பின் எடுத்த தண்ணீர் பழையபடி மஞ்சள். விசாரித்தபோது சத்தியபாய் மறைக்கவில்லை.

"கிருமியெல்லாம் செத்துப்போச்சே அக்கா! ஒட்டிக்கிடந்த குரோமியத்தையும் அந்தப் பவுடர் இளக்கிவிட்டிருச்சு. மறுபடி ஊத்திப் பாப்போம். ஆனா நாறும்."

மறுபடி ஊற்றினார்கள். முன்னைவிட மோசமாக நாறியது. ஜெபக்கூட்ட முறையும் திரும்ப வந்தது. "வேற வீட்டுக்கு மாத்திவிடு" என்றான் கணவன் இஸ்ரவேல். அவள் மாற்றவில்லை. பவுடர் டப்பாவை மட்டும் பக்கத்து வீட்டில் கொடுத்துவைத்தாள்.

வந்தவர்களில் ஜெப்சி வாசலிலேயே மூக்கைப் பொத்தினாள். "ஏட்டி சத்தியபாய், அழுகின முட்டை யாவாரம் தொடங்கினியா?"

எல்லாரும் சிரித்தார்கள். சத்தியபாயின் முகம் சிவந்தது.

"கிணத்துல கிருமி வளக்கேன். வாடை பிடிக்காதவிய முன்முற்றத்துல இருந்து ஜெபிக்கலாம்."

பாதிப்பேர் முற்றத்துக்குப் போனார்கள். இரண்டு பேர் காப்பி குடிக்காமலே கிளம்பினார்கள். அவள் தடுக்கவில்லை.

பிறகு ஜெஸ்பின் எடுத்த தண்ணீரில் மஞ்சள் நன்றாக வெளுத்திருந்தது. "இப்பமே குடிக்காதீங்க. இன்னும் ஊத்தணும்."

"எம்புட்டு நாள் நாறும்?"

"தெரியாது அக்கா."

சத்தியபாய் பாகு கரைக்க வாளியை எடுத்துவந்தாள்.